சும்மா ஏறும் மலை

ஃப்ரைபுர்க் நகரத்துக்கு வேலைக்கு வந்த முதல் வருடம், ஃபெல்ட்பெர்க் உச்சியில் நின்றுகொண்டு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். எனக்குப் பின்னால் ஷ்வார்ஸ்வால்ட் என்கிற கருங்காடு மடிப்பு மடிப்பாக விரிந்து கிடந்தது. அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நேரம்யா ஏறுன?" என்றாள்.

"மூணு மணி நேரம்மா."

"கூலி எவ்வளவு குடுத்தாங்க?"

"கூலியா? லீவு நாளும்மா. சும்மா ஏறுனேன்."

"சும்மாவா? லீவு நாள்ல படுத்துத் தூங்காம எதுக்குய்யா மலை ஏறுற?"

இந்தக் கதையை நண்பர்கள் கூட்டத்தில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அப்படிச் சிரிக்க வைத்ததற்காக இப்போது வெட்கப்படுகிறேன். அம்மா கேட்டது வெகுளித்தனமான கேள்வி இல்லை. மலை என்றால் கூலி என்பதுதான் அவளுடைய அனுபவம். இருபது வருடத்துக்கு மேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவள் அவள். விடியுமுன் எழுந்து, சோற்றைத் தூக்குச்சட்டியில் அடைத்து, ஜீப் ஏறி, மெட்டைத் தாண்டி இடுக்கிப் பக்கம் போய், அட்டைக் கடியோடு காய் எடுத்து, சாயங்காலம் இறங்கி வந்து அடுப்பு மூட்டுவாள். இன்றைக்கும் விடிகாலையில் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளிச் சாலைகளில் போய்ப் பாருங்கள். பத்துப் பேருக்கான ஜீப்பில் அதைவிடக் கூடுதலாகப் பெண்களை அடைத்துக்கொண்டு வண்டிகள் வரிசையாக ஏறும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என்னைப்போல ஜெர்மனிக்கு வந்துசேர்ந்த சாஃப்ட்வேர்க்காரர்களிடம் ஒரு பேச்சு பரவியிருக்கிறது. "நம்ம ஆளுகளுக்கு இயற்கை ரசனையே கிடையாது. இங்க எழுபது வயசுக் கிழவி ரெண்டு கம்பை ஊன்றிக்கிட்டு மலை ஏறுறா. நம்ம ஊர்ல நாப்பது வயசுலேயே முட்டி வலிங்கிறாங்க." வந்து ஆறு மாதத்தில் ஆயிரத்தைந்நூறு ரூபாய்ச் செருப்பைப் பதினைந்தாயிரம் ரூபாய் பூட்ஸாக மாற்றிக்கொண்டவர்கள் சொல்வது இது. ஃபெல்ட்பெர்க்கின் உயரம் 1,493 மீட்டர். எங்கள் ஊர் கொழுக்குமலை 2,000 மீட்டருக்கு மேல். எங்கள் பெண்கள் சம்பளத்துக்காக நடந்த சரிவுகளில் இந்த பூட்ஸ்காரர்கள் பாதி தூரம் தாண்ட மாட்டார்கள். அந்த முட்டி வலி எங்கிருந்து வந்தது என்று கேட்கவாவது செய்யலாம்.

எதிர்ப்பக்கமும் ஒரு பேச்சு உண்டு. ஊருக்குப் போனால் டீக்கடையில் கேட்பது. "மேகமலையும் சுருளியும் இங்க இருக்க, காத்து வாங்க ஜெர்மனிக்குப் போனியாக்கும்." இதிலும் உண்மை பாதிதான். மேகமலை இருக்கிறது. அங்கே போக எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்ததா? சென்னையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அமெரிக்க வாடிக்கையாளர் விழித்திருக்கும் நேரமெல்லாம் நானும் விழித்திருந்தேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோதும் மடிக்கணினி கூடவே வந்தது.

இரண்டு பேச்சுகளும் ஒரே தவறைச் செய்கின்றன. மலையில் சும்மா நடப்பதை ஒருவருடைய ரசனையாகப் பார்க்கின்றன. அதற்கு அடியில் சட்டமும் கூலியும் இருக்கின்றன.

ஜெர்மனியில் எனக்குக் கிடைத்தது என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்று இல்லை, அது எங்கள் ஊரிலும் உண்டு. ஒன்று, நேரம். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்க நடுவில் 11 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்கிறது இங்குள்ள வேலை நேரச் சட்டம். வாரம் ஐந்து நாள் வேலை பார்ப்பவருக்கு வருடம் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு. ஞாயிறு ஓய்வுநாள் என்பது 1919 வைமர் அரசியல் சாசனத்தில் எழுதப்பட்டு, இன்றைய அடிப்படைச் சட்டத்திலும் தொடர்கிறது. இரண்டு, வழி. 1975 காட்டுச் சட்டத்தின்படி, ஓய்வுக்காகக் காட்டுக்குள் யாரும் சொந்தப் பொறுப்பில் நடக்கலாம். பவேரியாவின் 1946 அரசியல் சாசனம் இந்த உரிமையைத் தன் 141வது பிரிவிலேயே வைத்திருக்கிறது. ப்ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்து பாசல் வரை சுமார் 285 கிலோமீட்டர் போகும் வெஸ்ட்வெக் நடைபாதை 1900இல் போடப்பட்டது. மரத்துக்கு மரம் சிவப்புச் சாய்சதுரம் வழி காட்டும்.

இதெல்லாம் ஜெர்மானியர் பிறவியிலேயே ரசிகர்கள் என்பதால் வந்ததா? 1895இல் வியன்னாவில் சில சோசலிஸ்டுகள் 'இயற்கையின் நண்பர்கள்' என்றொரு அமைப்பைத் தொடங்கினார்கள். தொழிலாளிகளை ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கூட்டிப் போவதுதான் வேலை. அது ஜெர்மனியிலும் பரவியது. 'பெர்க் ஃப்ராய்', அதாவது 'மலை எல்லோருக்கும் திறந்தது' என்பது அவர்களுடைய வணக்கச் சொல். எட்டு மணி நேர வேலை 1918 புரட்சியோடுதான் ஜெர்மனிக்கு வந்தது. 1933இல் நாஜிகள் அந்த அமைப்பைத் தடை செய்தார்கள். அதே 1895இல்தான் எங்கள் பள்ளத்தாக்குக்கு முல்லைப் பெரியாறு அணை வந்தது. அதைக் கட்டிய பென்னிகுயிக்கை நாங்கள் சாமியாகக் கும்பிடுகிறோம், கும்பிட வேண்டியதுதான். தண்ணீருக்காகக் கேரளாவோடு இன்றுவரை சண்டை போடும் எங்களுக்கு, ஞாயிற்றுக்கிழமைக்காக ஒருநாள்கூடச் சண்டை போடத் தோன்றவில்லை.

நம்மூரில் நிலைமை எதிர்த்திசையில் போகிறது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால்தான் மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அதே வருடம் அக்டோபரில் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். என் அம்மாவின் வாரத்தை அவர் எண்ணிப் பார்த்திருந்தால், 70 என்பது புதிய லட்சியம் இல்லை, பழைய தண்டனை என்று தெரிந்திருக்கும்.

குரங்கணியைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலைச் சரிவில் மலையேற வந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். பலர் ஐ.டி. வேலை பார்த்த இளம்பெண்கள். வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஒரு சனி, ஞாயிறு நடக்க வந்தவர்கள். நான் அப்போது சென்னையில் இருந்தேன். "பொம்பளப் பிள்ளைகளுக்கு எதுக்கு இந்த வேலை" என்று அலுவலகக் கேன்டீனிலும் கேட்டேன், ஊர் டீக்கடையிலும் கேட்டேன். கூலிக்கு மலை ஏறும் பெண்ணை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஜீப் கவிழ்ந்து அவள் செத்தாலும், "எதுக்கு ஏறினாள்" என்று கேட்க மாட்டோம். சந்தோஷத்துக்காக ஏறினால்தான் குற்றம்.

அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 தடங்களைக் கட்டண முன்பதிவோடு திறந்தது. குரங்கணி–சாம்பலாறு தடமும் அதில் உண்டு. உள்ளூர் ஆட்களை வழிகாட்டிகளாக வைத்தது நல்ல விஷயம். கோடையில் தீக்காலத்தில் மூடுவதும் சரி. ஆனால் ஆதார் அட்டையும் ஆன்லைன் கட்டணமுமாக வரும் மலை, சென்னைக்காரருக்கான மலை. கீழே குரங்கணியிலோ போடியிலோ இருக்கும் கூலிக்காரக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை அந்த வழியில் நடக்குமா? குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதை, தேயிலைப்பெட்டி ரோப்வேயில் இறங்கிய காலத்திலிருந்தே எங்கள் ஆட்கள் கால்பட்ட பாதை.

"அங்க புலி இல்ல, இங்க இருக்கு" என்பீர்கள். நியாயமான மறுப்பு. 2021இல் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. அதை நான் வரவேற்கிறேன். ஜெர்மனிக் காடு பயமில்லாமல் இருப்பதற்குக் காரணம், பயப்பட வேண்டிய மிருகங்களை அவர்கள் எப்போதோ கொன்று தீர்த்ததுதான். 2006இல் பவேரியாவுக்குள் வழிதவறி வந்த ஒரே ஒரு கரடியையும் சுட்டார்கள். கருங்காட்டில் பெரும்பகுதி மனிதன் நட்ட ஊசியிலை மரங்கள். அந்த மாதிரியை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. புலிக்கு உள்காட்டை விட்டுவிட்டு, மலையடிவாரத்திலும் பழைய கூப்புச் சாலைகளிலும் ஊராட்சிகளே பராமரிக்கும் இலவச நடைவழிகள் போட முடியாதா?

ஜெர்மனியும் எல்லோருக்கும் ஜெர்மனி இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் ரைன் சமவெளியில் நடந்தால், அஸ்பாரகஸ் வயல்களில் ருமேனியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்த கூலியாட்கள் முதுகு ஒடியக் குனிந்து நிற்பதைப் பார்க்கலாம். கம்பு ஊன்றிய கிழவி அவர்களைக் கடந்து போவாள். நானும் கடந்து போயிருக்கிறேன். அன்றைக்குப் புகைப்படம் எடுக்கக் கை வரவில்லை.

அதனால் 'நல்ல வாழ்க்கைக்கு வாங்க' என்று ஊர்ப் பையன்களைக் கூப்பிட எனக்கு மனமில்லை. வருவது உங்கள் இஷ்டம், நானே வந்தவன்தான். வந்த பிறகு ஊர்க்காரர்களுக்கு ரசனைப் பாடம் எடுக்காதீர்கள். எடுப்பதென்றால், தோட்டக் கூலிக்கு வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு ஓய்வு கேளுங்கள். ஜீப்பில் ஆள் கணக்கை அமல்படுத்தச் சொல்லுங்கள். ஐ.டி. வேலைக்கு நேர வரம்பு கேளுங்கள். ரசனை தன்னால் வரும்.

போன மாதம் அம்மாவிடம், "அடுத்த தடவை வரும்போது ரெண்டு பேரும் கொழுக்குமலை போவோமா?" என்று கேட்டேன். நீண்ட நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னாள்: "போவோம்யா. ஆனா ஜீப்புல முன் சீட்டு எனக்கு வேணும். அதுல ஒருநாளும் ஒக்காந்ததில்ல."