கீறியது யார்? கார் கழுவும் வாளியும் பிடிக்கப்படும் கூலியும்

 

புதுக் கார் வாங்கிய வீடுகளில் ஆறேழு மாதம் கழிந்ததும் ஒரு புகார் எழுகின்றது. வெயிலில் நிற்கும் வண்டியின் பானெட்டில் சிலந்தி வலை பின்னியதைப் போல நுண்ணிய கீறல்கள் தெரிகின்றன. கறுப்பு, கருநீல வண்டியாயின் இன்னும் தெளிவாகத் தெரியும். உடனே வீட்டாரின் விரல் நீள்வது, விடியற்காலையில் வந்து வண்டி துடைத்துவிட்டுச் செல்லும் தொழிலாளியை நோக்கித்தான். "அழுத்தித் தேய்த்துக் கெடுத்துவிட்டான்" என்று தீர்ப்பு எழுதப்படுகின்றது. மாத முடிவில் அவருடைய கூலியில் ஒரு பகுதி பிடிக்கப்படுகின்றது. சில வீடுகளில் ஆளையே மாற்றிவிடுகின்றார்கள். புதிதாக வந்தவரும் அதே வாளியையும் அதே துணியையும் எடுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகின்றார். ஆதலால் கீறல்களும் தொடர்கின்றன.

இந்தத் தீர்ப்பு அநீதியானது. படப்பையும் ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் நம்மவர் பலருக்கு வேலையும் வீடும் தந்த ஊர்கள். கார் எப்படி உருவாகின்றது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் இங்கே தெருவுக்கு நால்வர் இருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரிலேயே இந்த அநீதி நடப்பது கூடுதல் வருத்தத்திற்குரியது.

வண்ணப்பூச்சு என்பது யாது என்று முதலில் பார்ப்போம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ, நிஸான் நிறுவனங்கள் கூட்டாக ஆலை தொடங்கின. இத்தகைய ஆலைகளில் பெயின்ட் பிரிவு என்பது ஏறத்தாழ ஓர் அறுவை சிகிச்சைக் கூடம். பஞ்சு உதிராத முழு உடை அணிந்து, காற்று வீசும் அறையைக் கடந்துதான் உள்ளே செல்ல இயலும். வாசனைத் தைலம், தலைக்கு இடும் பசை எதுவும் கூடாது. அவற்றில் உள்ள சிலிக்கான் எண்ணெய் துளியளவு பட்டாலும் பூச்சில் குழி விழும். துரு தடுக்கும் அடிப்பூச்சு மின்சாரத்தின் உதவியால் ஏற்றப்படுகின்றது. அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற 'கிளியர் கோட்'. நாம் காணும் பளபளப்பு முழுவதும் அந்தக் கடைசிப் படலத்தினுடையது. அதன் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் கனத்தை விடக் குறைவு.

இனி, ஆலையின் வாயிலுக்கு வெளியே வருவோம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கல்குவாரி லாரிகளும் எம்-சாண்ட் லாரிகளும் டிரெய்லர்களும் இரவு பகலாக ஓடுகின்றன. சாலையோர மண் ஓயாது கிளம்பிக்கொண்டே இருக்கும். மாலையில் நிறுத்திய வண்டி காலையில் சாம்பல் நிறம் கொண்டிருக்கும். அந்தத் தூசியை மாவு என்று எண்ணிவிடக் கூடாது. அதில் கலந்திருப்பது குவார்ட்ஸ் எனும் கனிமத் துகள். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் 7-ஆம் இடத்தில் இருப்பது. சன்னல் கண்ணாடியையே கீறக்கூடியது. ஒரு முடியளவு கனமும் இல்லாத பிளாஸ்டிக் படலம் அதன் முன் எம்மாத்திரம்?

அந்தத் தூசி படிந்த வண்டியின் மீது உலர்ந்த துணியை வைத்து ஒருமுறை இழுத்தால் போதும். உப்புத்தாள் கொண்டு தேய்த்ததற்கும் அதற்கும் அளவில்தான் வேறுபாடு. அழுத்தித் தேய்த்தாரா, மெல்லத் தேய்த்தாரா என்பது இரண்டாவது கேள்வி. "தினமும் தூசி தட்டிவிட வேண்டும்" என்று கட்டளையிட்டவர் யார் என்பதே முதற்கேள்வி.

இதில் வாளியின் பங்கு துணியின் பங்கை விடப் பெரிது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அதிகாலையில் நடப்பதைக் கவனியுங்கள். ஒரே வாளி, ஒரே பனியன் வேஸ்ட் துணி. முதல் வண்டியின் சேற்றைத் துடைத்த துணி அந்த வாளிக்குள் மூழ்குகின்றது. துணியிலிருந்து பிரிந்த மணல் நீரில் கலங்குகின்றது. மறுமுறை மூழ்கும் துணி அதை மீண்டும் வாரிக்கொண்டு வருகின்றது. பத்தாவது வண்டிக்கு வரும்போது வாளியில் இருப்பது நீரன்று, மணற்குழம்பு. அதற்குள் சோப்புத் தூளைக் கொட்டிவிட்டால் நுரை மணலை மறைத்துவிடும், அவ்வளவே.

நமக்கு இதைத் தனியே கற்பிக்க வேண்டுமா? உறக்கத்திலிருந்து எழுந்தவர் தம் கையைக் கழுவும் முன் தண்ணீர்ப் பாத்திரத்திற்குள் இட வேண்டாம் என்று அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. மதரஸாப் பிள்ளைகளும் அறிந்தது. அழுக்கு ஐயத்திற்குரிய கையே தூய நீரைத் தொடலாகாது என்று பழகிய சமுதாயம், கண்ணுக்குத் தெரியும் சேற்றுத் துணியை ஒரே வாளியில் நாற்பது முறை முக்கச் சொல்கின்றது. காரும் உளூவும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் பாத்திரத்தின் அறிவு இரண்டிற்கும் ஒன்றே.

கார் ஆர்வலர்கள் உலகெங்கும் கைக்கொள்ளும் முறையும் அந்த அறிவின்மேல்தான் நிற்கின்றது. இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் வெறும் நீர். முதலில் வண்டி முழுவதும் நீர் ஊற்றி, தளர்ந்த மணலைக் கைபடாமல் ஓடவிட வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையானது இந்தப் படிதான், பலரும் தாண்டிச் செல்வதும் இதைத்தான். பிறகு மென்மையான மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு நீரில் நனைத்து, கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வர வேண்டும். கதவுகளின் அடிப்பகுதியிலும் பம்பரிலும்தான் மணல் மிகுதி, அவை கடைசி. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் நீர் வாளியில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மீண்டும் ஷாம்புவில் இட வேண்டும். மணல் முழுவதும் அலசும் வாளியின் அடியில் தங்கிவிடும். சக்கரங்களுக்குத் தனித் துணி. அது ஒருபோதும் மேலே வரக் கூடாது. துணி தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது.

பாத்திரம் துலக்கும் திரவமும் துணி துவைக்கும் தூளும் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றப் பிறந்தவை. அவை வண்டியின் மேலுள்ள மெழுகுப் பூச்சையும் சேர்த்து அகற்றிவிடும். கார் ஷாம்பு மணலுக்கும் பூச்சுக்கும் இடையே வழுவழுப்பைத் தந்து, துகளை உருட்டிச் செல்ல உதவுகின்றது. ஃபஜ்ருக்குப் பிறகு, தகடு குளிர்ந்திருக்கும் வேளையில், நிழலில் கழுவுவது நன்று. நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்புச் சுவையுடையது. வெயிலில் தானே காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படியும். அவற்றைச் சுரண்டப் போய் இன்னொரு கீறல் விழும். தூசியின் மேலேயே உறை போட்டு மூடுவதும் இதே கேடுதான். காற்றில் உறை அசையும்தோறும் தேய்க்கின்றது.

"இதெல்லாம் வேண்டாம் பாய், செராமிக் கோட்டிங் போட்டுவிட்டேன், 9எச் கடினம்" என்று பெருமிதம் கொள்வோர் உண்டு. அந்த 9எச் என்பது பென்சில் முனைகளைக் கொண்டு பூச்சைச் சோதிக்கும் அளவை. மணலின் 7 வேறோர் அளவை. இரண்டு எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடும்படி வாடிக்கையாளரை விட்டுவிடுவது நேர்மையான வணிகமன்று. அந்தப் பூச்சினால் நீர் உருண்டோடும், அழுக்கு எளிதில் நீங்கும், அவை உண்மை. சேற்றுத் துணியிலிருந்து அது காக்கும் என்பது உண்மையன்று. கீறல் விழுந்தபின் 'ரப்பிங்' செய்து மறைப்பதும் கிளியர் கோட்டை மேலிருந்து சீவி எடுப்பதுதான். இருப்பதே 40 மைக்ரான். எத்தனை முறை சீவ முடியும்?

கீறல் விழாதிருக்கத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருப்போம் என்று மறு எல்லைக்குச் செல்வோர் ஒரு சாரார். வெள்ளிக்கிழமை காலை, ஜும்ஆவுக்கு முன், ஓஸ் குழாய் தரையில் கிடந்து ஓடிக்கொண்டிருக்க, வண்டிக்காரர் சாவகாசமாகக் கதவைத் துடைத்துக்கொண்டிருப்பார். உங்கள் குழாயை நீங்களே அளந்து பாருங்கள். 15 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்புமாயின், 20 நிமிடத்தில் 300 லிட்டர் வடிகாலுக்குப் போகின்றது. மேலே சொன்ன முறையில் கழுவும் வாளிகள் இரண்டு, முன்னும் பின்னும் ஊற்றி அலச மூன்று: 75 லிட்டரில் வேலை முடியும். வண்டியும் கீறல்படாது. ஓடிக்கொண்டிருக்கும் குழாய் மணலை அகற்றுவதில்லை. அது தரையைத்தான் நனைக்கின்றது. (அழுத்த பம்பு வைத்திருப்போரை இதில் சேர்க்க வேண்டியதில்லை. வீட்டு உபயோகப் பம்புகள் நிமிடத்திற்குச் செலவிடும் நீர் ஓஸ் குழாயினும் குறைவு. தகட்டிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தால் போதும்.)

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில் உளூச் செய்தார்கள், ஒரு 'ஸாஉ' நீரில் குளித்தார்கள் என்பது ஆதாரபூர்வமான ஹதீஸ். முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. முக்கால் லிட்டருக்கு மிகாது. ஒரு ஓஸ் குழாயின் 20 நிமிடம் ஏறத்தாழ 400 உளூவின் நீர். வீண் விரயம் செய்வோரைத் திருக்குர்ஆன் 17:27 யாருக்குச் சகோதரர்கள் ஆக்குகின்றது என்பதை நினைவூட்ட வேண்டிய தேவை இல்லை.

"என் வீட்டு போர், என் மின்கட்டணம், இதில் மார்க்கம் எங்கே வந்தது?" என்பது வழக்கமாக வரும் பதில். நிலத்தடி நீருக்கு மதிற்சுவர் இல்லை. தண்ணீர், மேய்ச்சல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற நபிமொழியை அபூதாவூத் பதிவு செய்துள்ளார். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. அவற்றுள் செம்பரம்பாக்கம் நம் ஸ்ரீபெரும்புதூருக்கு மிக அருகில் உள்ளது. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீருடன் ரயில் சென்னைக்கு வந்ததை நாடே பார்த்தது. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் வாகனம் கழுவுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவிக்கப்பட்டது. இத்தனைக்கும், நம் பகுதித் தொழிற்பேட்டைகளுக்காகக் கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் அமைக்கப்பட்டு, அந்த நீர் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் குழாய்வழி அனுப்பப்படுகின்றது. காரை உருவாக்கும் தொழிற்பேட்டைக்குக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கொடுக்கின்றார்கள். அந்தக் காரை வாங்கியவரோ, குடிக்கத்தக்க நீரை ஓஸில் திறந்துவிடுகின்றார்.

மீண்டும் அந்தத் தொழிலாளியிடம் வருவோம். அவர் பெரும்பாலும் வெளியூரிலிருந்து, சில வேளை வெளிமாநிலத்திலிருந்து வந்தவர். இருபது வண்டிகளை ஏழு மணிக்குள் முடித்தாக வேண்டும். வாளியும் துணியும் குடியிருப்பு கொடுத்தவை, அல்லது கொடுக்கப்படாதவை. நீர் எடுக்கும் குழாய் காவலாளியின் அனுமதியில் உள்ளது. "ஒரு வண்டிக்கு ஒரு வாளிக்கு மேல் எடுக்காதே" என்று சங்கத்தார் சொல்லியிருப்பார்கள். எந்த வாளி என்பதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். இத்தனை நிபந்தனைகளையும் விதித்துவிட்டு, விளைவுக்கு மட்டும் அவரைப் பொறுப்பாக்குவது எந்த நீதி? கூலியாளர் வரம்பு மீறாமல் செய்த வேலையில் நேர்ந்த சேதத்திற்கு யார் பொறுப்பு என்று ஃபிக்ஹ் நூல்களில் நீண்ட விவாதங்கள் உண்டு. சேற்று வாளியைக் கொடுத்தவரே நீதிபதியாகவும் அமர்ந்து கூலியைப் பிடிக்கும் இவ்வழக்கு அந்த விவாதத்தின் வாசலுக்கே வரத் தகுதியற்றது. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிரி என்று அல்லாஹ் கூறுவதாகப் புகாரியில் வரும் செய்தியை நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்கின்றோம். அதில் கார் துடைப்பவருக்கு விலக்கு ஏதும் இல்லை.

இவ்வாண்டு கூலி பிடித்தவர்கள் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும். தினந்தோறும் உலர்ந்த துணியால் தூசி தட்டும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, வாரத்திற்கு ஒருமுறை முறையாகக் கழுவும் வேலையை அதே மாதக் கூலிக்குக் கொடுக்கட்டும். அவருக்கு நேரம் கிடைக்கும், வண்டிக்குத் தோலும் மிஞ்சும். இரண்டு வாளி, ஒரு கையுறை, உலர்த்த இரண்டு மைக்ரோஃபைபர் துண்டு, சக்கரத்திற்கு ஒரு பழந்துணி, ஒரு குப்பி ஷாம்பு: இவை அனைத்தும் சேர்ந்தும் ஒரு முறை பாலிஷ் போடும் செலவை எட்டாது. துண்டுகளை மற்றத் துணிகளோடு சேர்க்காமல், வாசனை மென்திரவம் ஊற்றாமல் துவைத்து, ஒவ்வொரு வண்டிக்கும் உரியதைப் பெயரெழுதிய பையில் அவரிடமே கொடுத்துவைக்கலாம். நிறம் மங்கி முரடாகிவிட்ட துண்டு அடுத்த மாதம் முதல் சக்கரத்திற்குப் போகட்டும்.