வாழையடி வாழை போதுமா?

கல்யாண வீடுகளில் 'வாழையடி வாழையாய்த் தழைக்க வேண்டும்' என்று பெரியவர்கள் வாழ்த்தக் கேட்டிருப்பீர்கள். நான் இயற்பியல் கற்பிப்பவன். உயிரியல் எனக்குப் பக்கத்து வகுப்பறை. ஆனாலும் இந்த வாழ்த்தில் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு.

அம்பாசமுத்திரம் பக்கத்துத் தோப்பிலிருந்து வரும் ஏத்தன் பழத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் சிறு கரும்புள்ளிகள் தெரியும். வித்தாக வேண்டியிருந்தும் ஆகாமற்போன சூல்கள் அவை. ஏன் ஆகவில்லை? காட்டு வாழையின் செல்லில் 22 குரோமோசோம்கள், அதாவது 11 ஜோடிகள். மகரந்தமும் சூலும் உண்டாகும்போது, குன்றல் பகுப்பில் ஜோடிகள் பிரிந்து பக்கத்துக்கு 11 ஆகின்றன. இரண்டும் கூடினால் மறுபடி 22. ஏத்தனிலோ 33, ஒவ்வொன்றிலும் மூன்று. மூன்று பேரை இரண்டு பெஞ்சுகளில் சமமாக உட்கார வைக்க முடியுமா? பங்கீடு தாறுமாறாகிறது, வித்துப் பிடிப்பதில்லை. ஆகவே கிழங்கிலிருந்து கன்று பெயர்த்து நடுகிறோம். கன்று அநேகமாகத் தாயின் அச்சுப் பிரதியே.

நெல்லின் கதை வேறு. 24 குரோமோசோம்கள், 12 ஜோடிகள். இரண்டு ரகங்களைக் கலந்து பெற்ற பயிரில், எந்த ஜோடியில் எது எந்தப் பக்கம் போகும் என்பது காசு சுண்டுவது போலத்தான். 12 முறை சுண்டினால் 4096 விதம்! (ஜோடிகள் தமக்குள் துண்டு மாற்றிக்கொள்வதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.) ஆடுதுறை 31, கோ 39 இரண்டையும் கலந்து, இந்தக் குலுக்கலிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட அம்பை 16.

நாம் நடும் வாழைக்கு அந்தக் குலுக்கல் இல்லை. ஒரு மரத்தை வீழ்த்தும் நோய் தோப்பையே வீழ்த்தலாம். மத்திய அமெரிக்காவில் குரோ மிஷெல் என்ற ஒரே ரகத்தை மைல் கணக்கில் நட்டார்கள். பனாமா வாடல் நோய் பரவி, 1960-களில் அது ஏற்றுமதிச் சந்தையிலிருந்தே மறைந்தது. பதிலுக்கு வந்த கேவண்டிஷை அதே பூஞ்சையின் இன்னொரு வகை இப்போது தாக்குகிறது. நம் ரஸ்தாளிக்கும் வாடல் நோய் புதிதல்ல.

விலை போகிறதென்று ஒரே ரகத்தை ஆற்றங்கரை நெடுக நடுவது ஆபத்து என்பது என் கருத்து. விவசாயியை நான் குறை சொல்லவில்லை. சந்தை ஒரே மாதிரித் தாரைத்தான் கேட்கிறது. ஆனால் வரப்போரத்தில் நாலு பேயன், மொந்தன், மட்டி நிற்க இடமில்லையா? ஒன்று விழுந்தால் மற்றொன்று நிற்கக்கூடும். திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் பல ரகங்களைக் காத்து வருகிறது என்பதற்காக நாம் கை கழுவிவிடலாமா?

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் எத்தனை வாழை ரகங்கள் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். என் தெருவில் எண்ணினேன்: இரண்டு.