பாரீஸ் டாக்டர் நிறுத்திய சிகிச்சை

நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமலே பிறக்கும் குழந்தையை, அதன் மரபணுவைத் திருத்திப் பிழைக்க வைக்கலாம் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் முதலில் காட்டியவர்கள் பாரீஸ் நகர டாக்டர் அலேன் ஃபிஷரும் அவருடைய சகாக்களும். மரபணு வைத்தியம் இந்தியாவிலும் காலூன்றத் தொடங்கியிருக்கும் இந்த வேளையில் அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது பொருத்தமானது. அவர் அடைந்த வெற்றியைவிட, அந்த வெற்றி விபரீதமாகத் திரும்பியபோது அவர் நடந்துகொண்ட விதத்தில்தான் நமக்குப் பாடம் அதிகம் இருக்கிறது.

என்ன நோய் இது?

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள்தான் உடம்புக்குக் காவல். சில குழந்தைகளுக்கு அந்தக் காவல் பிறவியிலேயே அமைவதில்லை. முதல் சில வாரங்கள் தாயிடமிருந்து வந்த சக்தி காப்பாற்றும். பிறகு ஓயாத சளிக் காய்ச்சல், நிற்காத வயிற்றுப்போக்கு, வாய் முழுவதும் வெள்ளைப் பூஞ்சை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். குழந்தை எடை ஏறாது. வைத்தியம் இல்லாவிட்டால் பெரும்பாலும் முதலாண்டு நிறைவதற்குள் இறந்துவிடும். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் 1971-ல் பிறந்த டேவிட் என்ற சிறுவனை, கிருமி அண்டாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்து வளர்த்தார்கள். அவன் 1984-ல் 12 வயதில் இறந்தபோது உலகமே துக்கப்பட்டது.

இந்நோயில் பல வகை உண்டு. டேவிடுக்கு வந்த வகை ஆண் குழந்தைகளைத்தான் தாக்கும். தாயின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றில் பழுது இருக்கும். மற்றொன்று நன்றாக இருப்பதால் தாய்க்கு எந்தக் கோளாறும் தெரியாது. பிள்ளைக்கு இருப்பதோ ஒரே எக்ஸ். பழுதுபட்ட அந்த மரபணு எது என்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் 1993-ல் கண்டுபிடித்தார்கள். தாயின் நடத்தையோ சாப்பாடோ இதற்குக் காரணமில்லை. பிள்ளை இறந்த வீட்டில் மருமகளைக் குறை சொல்லும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மஜ்ஜையிலிருந்து மரபணுவுக்கு

ஃபிஷர் 1949-ல் பாரீஸில் பிறந்தவர். குழந்தை வைத்தியம் படித்து, அந்நகரின் புகழ்பெற்ற நெக்கர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அன்று இந்நோய்க்கு இருந்த ஒரே வழி, மற்றொருவரின் எலும்பு மஜ்ஜையை எடுத்துக் குழந்தைக்குச் செலுத்துவது. 1968-ல் அமெரிக்காவில் டாக்டர் ராபர்ட் குட் இதைச் செய்து காட்டியிருந்தார். கூடப் பிறந்தவரின் மஜ்ஜை முழுதாகப் பொருந்தினால் நல்ல பலன் உண்டு. அப்படிப் பொருந்துகிறவர் எல்லாக் குடும்பத்திலும் கிடைப்பதில்லை. தாய் தந்தையின் மஜ்ஜை பாதிதான் பொருந்தும்; அதைச் செலுத்தினால் ஆபத்து அதிகம். 1980-களில் அந்தப் பாதிப் பொருத்தத்தை வைத்துக்கொண்டே பிள்ளைகளைக் காப்பாற்றப் போராடியவர்களில் ஃபிஷரும் ஒருவர்.

பகலில் ஆஸ்பத்திரியில் கண்ட குழந்தையின் நோய்க்குக் காரணத்தைச் சோதனைக்கூடத்தில் தேடுவது அவருடைய வழி. பரம்பரையாக வரும் எதிர்ப்புச் சக்திக் குறைபாடுகள் பலவற்றின் மரபணுக் காரணங்கள் நெக்கரில் அவரும் சகாக்களும் நடத்திய ஆராய்ச்சிகளில்தான் வெளிவந்தன.

பிறர் மஜ்ஜை பொருந்தவில்லையென்றால் குழந்தையின் சொந்த மஜ்ஜையையே திருத்தினால் என்ன? குழந்தையின் மஜ்ஜையிலிருந்து மூல அணுக்களைப் பிரித்தெடுக்க வேண்டும். தீங்கு செய்ய முடியாதபடி மாற்றப்பட்ட ஒரு வைரஸின் மூலம் நல்ல மரபணுவை அவற்றுக்குள் அனுப்ப வேண்டும். பிறகு அந்த அணுக்களைக் குழந்தைக்கே திருப்பிச் செலுத்த வேண்டும். 1999-ல் ஃபிஷரும், மரினா கவசானா, சலீமா ஹாசின்-பே ஆகிய சகாக்களும் இதைத் தொடங்கினார்கள். 2000 ஏப்ரலில் முதல் முடிவு வெளியாயிற்று. கூடாரத்தில் கிடக்க வேண்டிய குழந்தைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் வேறொரு மரபணுச் சோதனையில் 18 வயது இளைஞர் ஒருவர் இறந்து, இந்தத் துறையே தலைகுனிந்து நின்றது. பாரீஸ் செய்தி அதை நிமிர்த்தியது.

வெற்றிக்குப் பின் வந்த இடி

முதல் கட்டத்தில் சிகிச்சை பெற்ற சிறுவர்கள் 9 பேர். அவர்களில் 8 பேருக்கு எதிர்ப்புச் சக்தி வந்தது. ஆனால் 2002-ல் ஒரு சிறுவனுக்கு ரத்தப் புற்றுநோய் கண்டது. சிறிது காலத்தில் இன்னொருவனுக்கும் வந்தது. காரணம் சிகிச்சையேதான். நல்ல மரபணுவைச் சுமந்துபோன வைரஸ், அணுவுக்குள் தான் நினைத்த இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. சில அணுக்களில் அது புற்றுநோயைத் தூண்டக்கூடிய ஒரு மரபணுவின் பக்கத்தில் உட்கார்ந்து அதையும் முடுக்கிவிட்டது. தபாலைக் கொடுக்க வந்த ஆள், பக்கத்து வீட்டு அடுப்பையும் பற்ற வைத்துவிட்டுப் போன கதைதான்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். உலகப் புகழ் வந்தாயிற்று. பிழைத்த பிள்ளைகள் கண்முன்னே நிற்கிறார்கள். ‘ஒன்றிரண்டு அப்படி ஆகும்’ என்று சமாதானம் சொல்லியிருக்கலாம். ஃபிஷர் குழுவினர் அப்படிச் செய்யவில்லை. 2002 அக்டோபரில் சிகிச்சை நிறுத்தப்பட்டது. அரசுக்கும் மற்ற நாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கும் விவரம் போயிற்று. வைரஸ் எங்கே உட்கார்ந்தது என்பதை 2003-ல் தாங்களே அச்சில் வெளியிட்டார்கள். 2004-ல் மாற்றங்களோடு மீண்டும் தொடங்கினார்கள். மூன்றாவது சிறுவனுக்கு நோய் வந்ததும் மறுபடியும் நிறுத்தினார்கள். முதல் 9 பேரில் 4 பேருக்குப் புற்றுநோய் வந்தது, ஒருவன் இறந்தான். மற்ற மூவரும் புற்றுநோய்ச் சிகிச்சையில் பிழைத்து, எதிர்ப்புச் சக்தியோடும் இருந்தார்கள் என்று 2010-ல் வெளியான அறிக்கை கூறுகிறது.

நிறுத்தியது சரியா என்ற கேள்வியும் எழுந்தது. சிகிச்சை இல்லாவிட்டால் இந்தக் குழந்தைகளுக்கு மரணம் நிச்சயம். பாதிப் பொருத்த மஜ்ஜையிலும் பலர் இறந்துகொண்டிருந்தார்கள். லண்டனில் இதே போன்ற சிகிச்சை செய்துவந்தவர்கள், ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் தனித்தனியே பார்த்துத் தொடரலாம் என்று முடிவெடுத்தார்கள். அங்கே சிகிச்சை பெற்ற 10 பேரில் ஒருவனுக்குப் புற்றுநோய் வந்து, குணமும் ஆயிற்று. இரு முடிவுகளுக்கும் நியாயம் உண்டு. ஆனால் இரு ஊரிலும் எதுவும் மறைக்கப்படவில்லை. மறைத்திருந்தால் அடுத்த குழந்தைக்கும் அதே தீங்கு நேர்ந்திருக்கும்; மக்கள் நம்பிக்கையும் அடியோடு போயிருக்கும்.

உண்மையைச் சொன்னதால் திருத்தவும் வழி பிறந்தது. அக்கம்பக்கத்து மரபணுக்களை முடுக்கிவிடும் பகுதியை நீக்கிய புது வைரஸைச் செய்தார்கள். பாரீஸ், லண்டன் மற்றும் அமெரிக்க நகரங்களில் அதைப் பெற்ற 9 சிறுவர்களைப் பற்றி 2014-ல் அறிக்கை வந்தது. எதிர்ப்புச் சக்தி திரும்புமுன்பே, ஏற்கெனவே இருந்த தொற்றால் ஒருவன் இறந்தான். மற்ற 8 பேரும் உயிரோடு இருந்தார்கள். யாருக்கும் புற்றுநோய் இல்லை. 2015-ல் ஜப்பான் பரிசு அமெரிக்காவின் தியோடர் ஃப்ரீட்மனுக்கும் ஃபிஷருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

அடுத்த தடை, விலை

இனித் தடை சோதனைக்கூடத்தில் இல்லை, கல்லாப்பெட்டியில் இருக்கிறது. இந்நோயின் மற்றொரு வகைக்கு இத்தாலியில் உருவான மரபணு வைத்தியம் 2016-ல் ஐரோப்பாவில் அங்கீகாரம் பெற்றது. விலை 5,94,000 யூரோ. அன்றைய மதிப்பில் நான்கு கோடி ரூபாய்க்கு மேல். நம்மைப் போன்ற சம்பளக்காரர் ஆயுள் முழுவதும் உழைத்தாலும் பார்க்க முடியாத தொகை. அவ்வளவு விலை வைத்தும், நோயாளிகள் மிகச் சிலரே என்பதால் அது கை மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2023-ல் இத்தாலியின் டெலிதான் என்ற தர்ம ஸ்தாபனம் அதை ஏற்றுக்கொண்டது. லாபத்தை மட்டும் பார்க்கும் கம்பெனிகளை நம்பினால் இந்த வைத்தியம் குழந்தைகளுக்குக் கிடைக்காது, பொதுநலனைக் கருதும் வேறு அமைப்பு வேண்டும் என்பதே ஃபிஷரின் வாதம்.

நம் நாட்டில் அரிய நோய்களுக்கான 2021-ம் ஆண்டுக் கொள்கையின் கீழ் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று 2022-ல் உயர்த்தப்பட்டது. மஜ்ஜை மாற்றுக்கு இது பெரிய உதவி. வெளிநாட்டு மரபணு வைத்தியத்துக்கு எட்டாது. ஆகவே இங்கேயே செய்வதுதான் வழி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், ரத்தம் உறையாத ஹீமோபீலியா நோயாளிகள் 5 பேரின் சொந்த மூல அணுக்களை இதே வழியில் திருத்திச் செலுத்தினார்கள். ரத்தக்கசிவு நின்றுவிட்டதாக 2024 டிசம்பரில் அறிக்கை வந்தது. பாரீஸில் தொடங்கிய பாதை வேலூர் வரை வந்திருக்கிறது. ஐந்து பேரிடம் கண்ட பலனை ஆண்டுக்கணக்கில் கவனித்துக் கணக்கு வைக்க வேண்டும் என்பதும் பாரீஸ் கற்றுத் தந்த பாடமே.

பெற்றோர் கவனத்துக்கு

மரபணு வைத்தியம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் மஜ்ஜை மாற்றே காப்பாற்றும். பிறந்து மூன்றரை மாதத்துக்குள் அதைச் செய்துகொண்ட குழந்தைகளில் 100-க்கு 94 பேர் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்ததாக அமெரிக்க ஆய்வு ஒன்று 2014-ல் காட்டியது. பம்பாய்வாசிகளுக்கு இதற்காக ஊருக்கு ஓட வேண்டிய அவசியமும் இல்லை. பரேலில், கே.இ.எம். ஆஸ்பத்திரி வளாகத்தில் உள்ள மத்திய அரசின் ரத்த ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கான சோதனைகள் நடக்கின்றன. பக்கத்திலேயே வாடியா குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது.

மூத்த பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் இறந்திருந்தால், அடுத்த பிள்ளை பிறக்குமுன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசியில் வலுக்குறைந்த உயிருள்ள கிருமி இருக்கிறது. மற்றக் குழந்தைகளுக்கு அது காப்பு. இந்த நோயுள்ள குழந்தைக்கு ஆபத்து. இதைக் கேட்டு யாரும் தடுப்பூசிக்குப் பயப்பட வேண்டாம். கொரோனா காலத்தில் 2020 டிசம்பரில் பிரெஞ்சு அரசு தடுப்பூசி ஆலோசனைக் குழுவுக்குத் தலைவராக நியமித்தது இதே ஃபிஷரைத்தான்.

சில வகைகள் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் தோன்றும். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் முடிக்கும் கல்யாணங்களில் அதற்கு வாய்ப்பு கூடும். நெருங்கிய உறவில் கல்யாணம் பேசும் முன், இரு வீட்டிலும் சிறு வயதில் இறந்த பிள்ளைகள் உண்டா என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பிறந்த குழந்தை ஒவ்வொன்றின் குதிகாலிலும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இந்நோயைக் கண்டுபிடிக்கும் முறை அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் 2018 இறுதிக்குள் வந்துவிட்டது. ஃபிஷர் போன்றவர்களின் உழைப்பு நம் பிள்ளைகளுக்குப் பயன்பட வேண்டுமானால், மத்திய, மாநில அரசுகள் முதலில் செய்ய வேண்டியது அந்த ஒரு சொட்டு ரத்தச் சோதனையை அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுவருவதுதான்.