ஜீயபுரம் டு வியன்னா... ஒரே பாஸ், பல ஊர்!

மகனோ மகளோ ஜெர்மனியில் வேலை. பேரன் பிறந்திருக்கிறான். ஜீயபுரத்து வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று மாதம் போய் இருக்கப்போகும் அம்மா அப்பாவுக்கு ஒரு சின்ன ஆசை வரும். அவ்வளவு தூரம் போய்விட்டு மியூனிக் வீட்டு ஜன்னல் வழியாகப் பனியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதா? பக்கத்து நாடுகளையும் எட்டிப் பார்த்தால் என்ன? அங்கேதான் 'யூரெயில் பாஸ்' பேச்சு ஆரம்பிக்கிறது. பணம் வீணாவதும் பெரும்பாலும் அங்கேயேதான்.

ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்கானது யூரெயில். குளோபல் பாஸ் ஒன்று எடுத்தால் 33 நாடுகளின் ரயில்களில் ஏறலாம். நான்கு நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று 'பயண நாள்' கணக்கில் வாங்கி, அவற்றை ஒரு மாதத்துக்குள் விருப்பப்பட்ட தேதிகளில் செலவழிக்கலாம். 10, 15 நாள் பாஸுக்கு இரண்டு மாத அவகாசம். பயண நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. அதற்குள் எத்தனை ரயில் ஏறினாலும், எத்தனை ஊரில் இறங்கினாலும் ஒரே நாள்தான். காலையில் மியூனிக்கில் ஏறி, வழியில் சால்ஸ்பர்க்கில் இறங்கி மொசார்ட் பிறந்த வீட்டைப் பார்த்து, சாயங்காலம் வியன்னா போய்ச் சேர்ந்தாலும் பாஸில் குறைவது ஒரு நாள் மட்டுமே. 60 வயது தாண்டியவர்களுக்கு 10 சதவிகிதத் தள்ளுபடி உண்டு. பெரியவரோடு போகும் 4 முதல் 11 வயதுக் குழந்தைக்குக் கட்டணம் இல்லை.

இறங்கித் தங்கிப் போவது ஜீயபுரத்துக்குப் புதிதல்ல. பங்குனித் திருவிழாவில் ஸ்ரீரங்கம் நம்பெருமாளே பல்லக்கில் இங்கு வந்து, ஆஸ்தான மண்டபத்தில் தங்கி, கீரையும் பழைய சோறும் கண்டருளிவிட்டுத்தானே திரும்புகிறார்!

சரி, சிக்கல் எங்கே? முதல் சிக்கல் வீட்டுக்குள்ளேயே. பெற்றோருக்குச் செல்லும் யூரெயில், ஜெர்மனியில் குடியிருக்கும் மகனுக்குச் செல்லாது. அவர் வாங்க வேண்டியது 'இன்டர்ரெயில்'. அதிலும் தான் வசிக்கும் நாட்டுக்குள் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. வெளியே போக ஒன்று, திரும்பி வர ஒன்று என்று இரண்டே பயணம்தான். இது தெரியாமல் குடும்பத்துக்கே மொத்தமாக ஒரே பாஸ் போட்டால் நஷ்டம்.

அடுத்தது, பாஸ் இருந்தால் சீட் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பிரான்ஸின் டி.ஜி.வி., யூரோஸ்டார், இரவு ரயில்கள் எல்லாவற்றுக்கும் முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணம். கோடை விடுமுறையில் பாஸ்காரர்களுக்கான இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஜெர்மனி, ஆஸ்திரியாவில் இந்தத் தொல்லை குறைவு. பகல் ரயில்களில் பெரும்பாலும் முன்பதிவு இல்லாமலே ஏறலாம். வயதானவர்கள் முதல் பயணத்தை இந்தப் பக்கமாக வைத்துக்கொள்வதே உசிதம்.

பாஸ் இப்போது செல்போனில்தான். ரயில் ஏறும் முன்பே அந்தப் பயணத்தை ஆப்பில் சேர்த்துவிட வேண்டும். சேர்க்காமல் ஏறினால், பாஸ் கையில் இருந்தும் டிக்கெட் இல்லாதவர்தான். பெயரும் பாஸ்போர்ட்டில் இருப்பதைப்போலவே இருக்க வேண்டும். நம்மூர் இனிஷியல் விவகாரத்தை அங்கே பரிசோதகரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

பாஸ் விசாவும் அல்ல. 33 நாடுகளில் பிரிட்டனும் துருக்கியும் உண்டு. ஆனால் ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு லண்டனில் இறங்க முடியாது. செர்பியா போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாட்டுக்குப் போய்த் திரும்புவதானால், பல முறை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று பார்க்க வேண்டும். ஓரிரு ஊர்தான் போகப்போகிறோம் என்றால் பாஸே வேண்டாம், முன்கூட்டி எடுக்கும் சாதாரண டிக்கெட்டே மலிவாக முடியும். கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

எல்லை தாண்டும் ரயில் டிக்கெட்டெல்லாம் வெள்ளைக்காரர் ஊர் சமாசாரம் என்று நினைத்தால், திருச்சிக்காரர்களுக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வே, 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட் கொடுத்தது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மறுபடி இலங்கை ரயில். 'போட் மெயில்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். சுற்றிப்பார்க்கப் போனவர்களைவிட, தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்களின் கதைதான் அந்தப் பாதையில் கனமானது. அவர்களுக்கு மண்டபம் முகாமில் தங்கல் கட்டாயம். நோய் இல்லை என்று தெரிந்த பிறகே கப்பல். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து சில காலம் ஓடிய கப்பலும் 1980-களில் நின்றுபோனது. போட் மெயில் மட்டும், ஏற போட் இல்லாமலே, இன்றும் ராமேஸ்வரம் போய் வருகிறது.

வெளிநாடு வேண்டாம், இந்தியாவுக்குள்ளேயே இறங்கி இறங்கிப் போக வேண்டும் என்பவர்களுக்கு 'சர்க்குலர் ஜர்னி டிக்கெட்' இருக்கிறது. கிளம்பிய ஊருக்கே திரும்பும்படி பாதையை எழுதிக்கொடுத்து, ரயில்வே கோட்ட வணிகப் பிரிவில் கேட்டு வாங்க வேண்டும். வழியில் எட்டு இடம் வரை இறங்கலாம். தொலைதூரக் கட்டணக் கணக்கு என்பதால் தனித்தனி டிக்கெட்டைவிடக் குறைவு. காசி யாத்திரை போகும் குடும்பங்கள் கேட்டுப் பார்க்கலாம். படுக்கை முன்பதிவை மட்டும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாகச் செய்துகொள்ள வேண்டும்.

கொழும்பு ஆசை விடவில்லையா? 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்ட்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. காங்கேசன்துறை இலங்கை ரயில் பாதையின் வட எல்லை. அங்கிருந்து யாழ்ப்பாணம், அனுராதபுரம், கொழும்பு என்று தண்டவாளம் போகிறது. ஒரே டிக்கெட் கிடையாது. ரயிலுக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று, இலங்கை ரயிலுக்கு ஒன்று. பாஸ்போர்ட்டும் இலங்கை நுழைவு அனுமதியும் தேவை. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும். அன்றைக்குக் கப்பல் உண்டா என்று கேட்டுக்கொண்டு ஜீயபுரத்தில் ரயில் ஏறுங்கள்.