நின்ற இடத்திலேயே ஓடும்

இங்கிலாந்துக் கிராமங்களில் கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் ஒரு விழாவைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். ஒரு புல்வெளி. நீளமாக ஒரு கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருபது முப்பது பழைய எஞ்சின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று தொட்டித் தண்ணீரை இறைத்து அதே தொட்டியில் கொட்டும். இன்னொன்று பட்டப்பகலில் நாலு பல்புகளை எரிக்கும். பின்னால் மடக்கு நாற்காலியில் உரிமையாளர், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர், கையில் தேநீருடன். மாலையில் எல்லாவற்றையும் நிறுத்தி, டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வந்து கலந்துகொண்டதற்கு அடையாளமாகச் சின்னதாக ஒரு பித்தளை வில்லை கிடைக்கும். வசூல் மாதா கோயில் கூரைக்கோ ஆம்புலன்ஸுக்கோ போகும்.

காரோ ரயிலோ என்றால் புரிகிறது. எங்கேயும் போகாத, நின்ற இடத்திலேயே ஓடுகிற எஞ்சினில் என்ன இருக்கிறது?

மின்சாரம் வராத பண்ணைகளில் தண்ணீர் இறைத்தது, தீவனம் அரைத்தது, பால் கறக்கும் கருவியை ஓட்டியது எல்லாம் இவைதான். குளோஸ்டர்ஷயரில் டர்ஸ்லி என்ற சிற்றூரில் 1867-ல் தொடங்கிய லிஸ்டர் கம்பெனி, ஒன்றரைக் குதிரைச் சக்தி கொண்ட ‘டி’ ரக பெட்ரோல் எஞ்சினை 1926-ல் கொண்டுவந்து 1964 வரை தயாரித்தது. 2 லட்சத்துக்கு மேல் விற்றது. கம்பி வழியே மின்சாரம் வந்த பிறகு அவை வேலிப் புதரில் கிடந்தன. 1960-களில் சிலர் அவற்றைத் தேடி எடுத்துத் துரு நீக்க ஆரம்பித்தார்கள். அப்படிப் பிறந்தவைதான் இந்த விழாக்கள். 1974-லிருந்து இதற்கென்றே ஒரு பத்திரிகையும் வந்தது என்றால் பைத்தியத்தின் ஆழம் புரியும்.

பைத்தியத்துக்குக் காரணம் சத்தம் என்று நினைக்கிறேன். பழைய அமெரிக்க எஞ்சின்களில் ஒரு வினோதமான ஏற்பாடு உண்டு. வேகம் போதுமான அளவு ஏறியதும் கவர்னர் புகை வால்வைத் திறந்தபடியே பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் வெடிக்காது, கனமான சக்கரத்தின் வேகத்திலேயே சும்மா சுற்றும். வேகம் குறைந்ததும் ஒரு வெடி. ‘டப்’. பிறகு ஸ்... ஸ்... ஸ்... என்று மூச்சு. மறுபடியும் ‘டப்’. வேலை குறையக் குறைய இடையிலுள்ள மௌனம் நீளும். பக்கத்து நாற்காலிக்காரரின் எஞ்சினை விடத் தன் எஞ்சின் அதிக நேரம் மௌனமாகச் சுற்றுகிறதா என்பதுதான் அங்கே கௌரவப் பிரச்சினை.

பெயின்ட் விஷயத்தில் இரண்டு கட்சிகள். கம்பெனியிலிருந்து வந்த அன்றைய பச்சை நிறத்தில் பளபளவென்று வைக்க வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். அறுபது வருட எண்ணெய்க் கறையும் தேய்மானமும்தான் சரித்திரம், துடைத்து எண்ணெய் போட்டால் போதும் என்பவர்கள் மறுபக்கம். என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு. பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். தேய்ந்த கைப்பிடியைத் திரும்பச் செய்ய முடியாது.

இதை ஏன் இங்கே எழுத வேண்டும்? அந்த வரிசையில் தவறாமல் நிற்கும் லிஸ்டர் ‘சிஎஸ்’ டீசல் எஞ்சினுக்காக. இரண்டு பெரிய சக்கரங்கள், நிமிடத்துக்கு 650 சுற்று மட்டுமே ஓடி 6 குதிரைச் சக்தி தரும் நிதானம், முந்நூறு கிலோவுக்கு மேல் எடை. பஞ்சாபிலிருந்து வங்காளம் வரை கிணற்றடியிலும் மாவு மில்லிலும் நம் ஆட்கள் கேட்டு வளர்ந்த சத்தம் இந்தக் குடும்பத்தினுடையது. டர்ஸ்லியில் 1987-ல் தயாரிப்பு நின்றுபோனது. ஆனால் குஜராத்தின் ராஜ்கோட்டில் அதே எஞ்சினைப் பார்த்து வார்த்த பட்டறைகள் நிறுத்தவில்லை. அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போயின, அமெரிக்கா வரை போயின. வெளிநாட்டு ரசிகர்கள் இதற்கு ‘லிஸ்டராய்டு’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். வந்து இறங்கியதும் பிரித்துப் பார்த்து, உள்ளே ஒட்டியிருக்கும் வார்ப்பு மணலைச் சுத்தம் செய்த பிறகே ஓட்டுங்கள் என்பது அவர்களுக்குள் வழங்கும் புத்திமதி. வருத்தமான விஷயம்தான், ஆனாலும் வாங்குகிறார்கள். டர்ஸ்லியில் பிறந்த அசல் எஞ்சினுக்கு இன்று உதிரிபாகம் வேண்டுமென்றால் ராஜ்கோட்டில் வார்த்ததை வாங்கிப் பொருத்துகிறவர்களும் உண்டு.

நம்மிடம் பழைய வாகனப் பித்து இல்லாமல் இல்லை. டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964-லிருந்து பழைய கார் ராலி நடத்தி வருகிறது. மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ்களைப் பார்க்க ஜனம் திரள்கிறது. திரளட்டும், அழகான வண்டிகள். ஆனால் அந்த வண்டிகளில் ஏறிப் போனவர்கள் எத்தனை பேர்? நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிய எஞ்சினுக்கு நாம் தரும் மரியாதை, பழைய இரும்புக்காரரின் தராசுதான். முந்நூறு கிலோ வார்ப்பிரும்பு. கிலோ கணக்கில் போய்விடுகிறது. பெயர்ப் பலகையையும் சேர்த்துத்தான் எடை போடுகிறார்கள். எந்த வருடத்தில், எந்த ஊரில் செய்தது என்று சொல்லும் ஒரே ஆதாரமும் அதோடு உலைக்குப் போகிறது.

டீசல் பம்பு போகட்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. புகை, டீசல் விலை, அதிகாலையில் கைப்பிடியைச் சுழற்றும் வேலை எதுவும் ஏங்கத் தக்கதல்ல. 2019-ல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். குசும் திட்டம் டீசல் பம்புக்குப் பதில் சூரிய சக்தி பம்பைத் தருகிறது. விவசாயி தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். கவலை வேறு. இந்த எஞ்சினை ஓட்டத் தெரிந்த கைகளைப் பற்றியது.

டீசல் எஞ்சினை எழுப்புவது ஒரு வித்தை. முதலில் டீகம்ப்ரெஷன் லீவரைத் தூக்கி அழுத்தத்தை வெளியே விட வேண்டும். சக்கரம் நல்ல வேகம் எடுக்கும் வரை சுழற்றி, சரியான கணத்தில் லீவரைக் கீழே விட வேண்டும். சீக்கிரம் விட்டால் சக்கரம் நின்றுபோகும். தாமதித்தால் கை சோர்ந்துபோகும். பழைய பெட்ரோல் எஞ்சின் இன்னும் பொல்லாதது. திருப்பி உதைக்கும். ஆகவே கட்டைவிரலால் கைப்பிடியை வளைத்துப் பிடிக்கக் கூடாது. மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கமாகச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் இது ஒரு வரி. கையில் பழகச் சில மாதங்கள். டீசல் தெளிக்கும் சத்தத்தைக் காதால் கேட்டே நாசில் சரியில்லை என்று சொல்லும் மெக்கானிக்குக்கு எந்தப் பாடநூலும் ஈடில்லை.

இங்கிலாந்தில் இந்த வித்தையை அநேகமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள்தான் வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளை வயதுக்காரன் ஒருவன் கயிற்றருகே நின்றால், உள்ளே கூப்பிட்டுக் கைப்பிடியைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அந்தப் புல்வெளியில் உண்மையாக நடக்கும் காரியம் அதுதான். எஞ்சினைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் இரும்பு மட்டும்தான் மிஞ்சும்.

நம்மிடம் இன்னும் பிழைப்புக்காகவே இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் கடைத்தெருவில் நாசில் சரி செய்து கொடுப்பவர் இருக்கிறார். வார்க்கத் தெரிந்தவர்கள் ராஜ்கோட்டில் இருக்கிறார்கள். இதற்குப் பெரிய மியூசியமும் வேண்டாம், கமிட்டியும் வேண்டாம். ஒவ்வொரு மாநிலத்திலும் விவசாயக் கண்காட்சி நடக்கிறது. புது டிராக்டர்களுக்கு ஒதுக்கும் மைதானத்தில் ஓரமாக இருபது அடி இடம், ஒரு கயிறு, ஒரு தண்ணீர்த் தொட்டி, தீயணைக்க ஒரு மணல் வாளி. எஞ்சினைக் கொண்டுவருகிறவருக்கு வண்டி வாடகை. கிளப்பிக் காட்டும் மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி, முடிந்தால் பெயர் பொறித்த ஒரு பித்தளை வில்லை.