சீட்டைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள்



ஞாயிறு காலை புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வரை சைக்கிளில் போய் வந்தேன். போக 20 கிலோமீட்டர், வர 20. நமணசமுத்திரத்தில் டீ குடிக்க நின்றபோது பழைய மாணவர் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "சார், இந்த வயசுல எதுக்கு சார் இது? முட்டி தேஞ்சு போயிடும்" என்றார். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் இதே வார்த்தையைப் பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

அப்போது ப்ளஸ் ஒன் வகுப்புக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கு ஊர் ஏழு கிலோமீட்டர் தள்ளி. அரசு கொடுத்த சைக்கிளில்தான் வருவாள். மூன்று மாதத்தில் அதை வீட்டில் போட்டுவிட்டு டவுன் பஸ்ஸுக்கு மாறினாள். பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. முதல் பீரியட் பாதி நாள் போய்விடும். ஏம்மா என்றதற்கு, "முட்டி வலிக்குது சார். இன்னும் மிதிச்சா தேஞ்சு போயிடும்னு அப்பாயி சொல்லுது" என்றாள். "சரிம்மா, உடம்பைப் பார்த்துக்க" என்று விட்டுவிட்டேன். நெம்புகோலைக் கரும்பலகையில் வரைந்து விளக்கிய நான், ஒரு நாளும் வெளியே போய் அவள் சைக்கிளின் சீட் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கும் அதே வலி வந்தது. பத்து கிலோமீட்டர் தாண்டினால் முட்டியின் முன்பக்கம் குத்தும். வயசாகிவிட்டது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் கடைக்காரர் சொன்னார்: "சார், உங்க உயரத்துக்கு சீட்டு அடிமட்டத்துல கெடக்கே." ஸ்பேனரை எடுத்து இரண்டு அங்குலம் ஏற்றிவிட்டார். ஐந்து நிமிட வேலை. இரண்டு மூன்று வாரத்தில் வலி போய்விட்டது. அன்று ராத்திரி முழுக்க அந்தப் பெண்ணின் ஞாபகம்தான்.

காரணம் எளிது. சீட் தாழ்வாக இருந்தால் கால் எப்போதும் மடங்கியே இருக்கும். மடங்கிய முட்டியோடு அழுத்தும்போது முட்டிச் சில்லு தொடை எலும்போடு அதிகமாக அழுந்துகிறது. ஒரு சுற்று பெடலுக்கு ஐந்து மீட்டர் நகர்கிறோம் என்று வையுங்கள். ஏழு கிலோமீட்டருக்கு 1,400 சுற்று. போக வர 2,800. அரைக்குத்தாக உட்கார்ந்து எழுவதைத் தினமும் அத்தனை முறை செய்தால் எந்த முட்டிதான் வலிக்காது?

ஏன் எல்லோரும் இறக்கி வைத்திருக்கிறோம்? இரண்டு காலும் தரையில் ஊன வேண்டும் என்ற பயம். ஓட்டக் கற்கும்போது அது சரிதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலு கோடு நோட்டு கொடுக்கிறோம். அதிலேயே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதச் சொல்வதில்லையே! ஓட்டப் பழகியவர் நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றினால் போதும்.

வீட்டில் செய்து பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக நிற்க வேண்டும். பிறகு ஓட்டும்போது முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். பின்பக்கம் இழுத்தாலோ, இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலோ இறக்குங்கள். கால் அங்குலம் கால் அங்குலமாக மாற்றுங்கள். சீட்டைத் தாங்கும் கம்பியில் உள்ள எல்லைக் கோட்டுக்கு மேல் மட்டும் இழுக்காதீர்கள்.

தூரம் போகிறவர்களுக்கு இன்னும் சில. சீட் மட்டமாக இருக்கட்டும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் மரத்துப்போகும். தடித்த பஞ்சு கவர் சிறிது தூரத்துக்குச் சுகம், 20 கிலோமீட்டருக்கு மேல் அதுவே உறுத்தும். கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று நாலு மிதி மிதியுங்கள். கையை ஒரே இடத்தில் வைக்காதீர்கள்; விரல் மரக்கும். கியர் சைக்கிள் என்றால் கனமான கியரில் முக்காதீர்கள். இத்தனைக்குப் பிறகும் வலித்தாலோ வீங்கினாலோ டாக்டரைப் பாருங்கள்.

இனி என் கருத்து. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்ற மாவட்டம் இது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே பலர் ஓட்டினார்கள். இன்று அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ப்ளஸ் ஒன்னில் சைக்கிள் வந்துவிடுகிறது. நல்ல திட்டம். ஆனால் விழா, போட்டோ, சாவி என்பதோடு நம் வேலை முடிகிறது. ஒரே அளவு சைக்கிள், விதவிதமான உயரத்தில் பிள்ளைகள். வலித்தால் "போகப் போகப் பழகிடும்" என்கிறோம். பழகுவதில்லை, சைக்கிள் திண்ணையோரம் துருப்பிடிக்கிறது.

கொடுத்த மறுநாள் இரண்டு பீரியட் ஒதுக்குங்கள். பி.இ.டி. ஆசிரியர், பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர், இரண்டு ஸ்பேனர் போதும். ஒவ்வொரு பிள்ளையையும் உட்காரவைத்து உயரம் பாருங்கள். வளரும் வயது, ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

பணியில் இருக்கும் ஆசிரியர்களே, நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள். பெற்றோர்களே, இன்று மாலையே வாசலில் நிற்கும் சைக்கிளைப் பாருங்கள். அந்த மாணவி இதைப் படித்தால், இந்த சாரை மன்னித்துவிடு அம்மா. உன் முட்டியில் ஒரு குறையும் இல்லை.