டயர் கடையில் கிடைத்த கால்

நான் பிசியோதெரபிஸ்ட். காலை இழந்தவர்களை மறுபடி நடக்கப் பழக்குவது என் வேலை. செயற்கைக்கால் மாட்டிக்கொள்பவர்கள் என்னிடம் கேட்பது, "சம்மணம் போட்டு உட்கார முடியுமா சார்? வயல்ல இறங்கலாமா?" என்றுதான்.

மேல்நாட்டுப் பாதத்தில் இதற்கு வழியில்லாமல் இருந்தது. ஷூவுக்குள் வைப்பதற்காகச் செய்யப்பட்டது அது. குத்தவைத்து உட்காரும் அளவுக்கு வளையாது. வழி கண்டவர்கள் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் இருந்த இருவர். பி.கே. சேத்தி, எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பெற்ற எலும்பு மருத்துவர். ராம் சந்திர சர்மா, பள்ளிப்படிப்பு அதிகமில்லாத கைவினைஞர். நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்றுத்தர வந்தவர். சைக்கிள் பஞ்சராகி நின்ற இடத்தில், லாரி டயருக்குப் புது ரப்பர் ஏற்றுவதைப் பார்த்து, பாதத்தையும் இப்படியே வார்க்கலாம் என்று சர்மாவுக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். மரம், ஸ்பாஞ்ச் ரப்பர், டயர் நூல், மேலே சூட்டில் இறுகிய ரப்பர். 1960களின் இறுதியில் ஜெய்ப்பூர் கால் தயாரானது. காப்புரிமை வாங்கவில்லை. 1981இல் திருச்சி அருகே விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன் மீண்டும் பரதம் ஆடியது இந்தக் காலில்தான்.

டயர் கடையைத் தினமும் ஆயிரம் பேர் கடந்துபோகிறார்கள். அச்சு வார்த்துப் பழகிய கையும், நோயாளிகளின் அவதி உறுத்திக்கொண்டே இருந்த மனமும் உள்ளவருக்குத்தான் அங்கே ஒரு பாதம் தெரிந்தது. கணுக்கால் எப்படி அசைய வேண்டும் என்பதைச் சேத்தி அறிவார். ரப்பர் எப்படி அடங்கும் என்பதைச் சர்மா அறிவார். இப்படி இருவர் எல்லா மருத்துவமனையிலும் இருக்கிறார்கள். பட்டமில்லாதவர் பேச்சுக்கு உட்கார்ந்து காதுகொடுக்கும் பெரிய மருத்துவர்தான் அரிது. என் பார்வையில் சேத்தியின் படிப்பைவிட இந்தக் குணமே பெரிது.

1981இல் மகசேசே விருது சேத்திக்கு வந்தது. சர்மாவின் பெயர் அதில் இல்லை. அது அநியாயம் என்றே நினைக்கிறேன். இன்றும் நம் கல்லூரிகளின் புத்தாக்கப் போட்டிகளில் பேராசிரியர்களும் தொழிலதிபர்களும்தான் நடுவர்கள். செயற்கைக்கால் பட்டறையில் நாளெல்லாம் நிற்கும் டெக்னீஷியனை யாரும் அழைப்பதில்லை. அடுத்த போட்டிக்கு அவரையும் ஒரு வெல்டரையும், அந்தக் காலை மாட்டி நடக்கப்போகிறவரையும் நடுவர் மேசைக்குக் கூப்பிடுங்கள்.